சிரிப்பே வரவில்லை, இதற்கா விருது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் எம்மி விருதுகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எது நகைச்சுவை என்பதைச் சிரிப்பைவிட விதிப்புத்தகமே அதிகம் தீர்மானிக்கிறது என்று. அதற்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த முறை அரசியல், ஆன்மிகம், மூட்டுவலி எல்லாவற்றையும் ஒத்திவைத்து, எம்மியின் நகைச்சுவைத் தொடர் விருதுக்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சிலர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள், சிலருடைய கையெழுத்து எனக்குப் புரியவில்லை.

கே: 'தி பேர்' தொடரைப் பார்த்தேன். கரடி என்று பெயர் வைத்துவிட்டு, சமையலறையில் ஒருவரையொருவர் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணன் தற்கொலை, கடன், அழுகை. ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை. இதற்கா சிறந்த நகைச்சுவைத் தொடர் விருது? (திருச்சி)

ப: உங்கள் கோபத்தில் பாதியை எனக்கும் கொடுங்கள் அம்மா, நானும் அதே கட்சி. நல்ல தொடர், அருமையான நடிப்பு. ஆனால் அது நகைச்சுவை என்றால் நான் பரதநாட்டியக் கலைஞர்.

நடந்தது என்னவென்றால், அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெகு காலமாக எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் ஓடினால் நகைச்சுவை, ஒரு மணி நேரம் ஓடினால் டிராமா. விருதுக்கு விண்ணப்பிக்கும்போது தயாரிப்பாளர்களே பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலர் இதில் சாமர்த்தியம் காட்டினார்கள். டிராமாப் பிரிவில் கூட்டம் அதிகம் என்றால் ஒரு மணி நேரத் தொடரை நகைச்சுவை வரிசையில் நிறுத்திப் பார்ப்பது. இதைப் பொறுக்க முடியாமல் விருது கொடுக்கும் டெலிவிஷன் அகாடமி 2015-இல் வழக்கத்தை எழுத்து விதியாகவே மாற்றியது. அரை மணி என்றால் நகைச்சுவை, ஒரு மணி என்றால் டிராமா. மாற்றம் வேண்டுவோர் ஒரு குழுவிடம் மனுப் போட வேண்டும். பெண்கள் சிறைச்சாலையைப் பற்றிய 'ஆரஞ்சு இஸ் தி நியூ பிளாக்' அதற்கு முந்தைய ஆண்டு நகைச்சுவையாகப் போட்டியிட்டது, 2015-இல் டிராமாவாகப் போட்டியிட்டது. கைதிகள் அதே கைதிகள்தான்.

2021 டிசம்பரில் அகாடமி அந்த விதியைக் கைவிட்டது. நீளம் இனிக் கணக்கில் இல்லை, தயாரிப்பாளர் சொல்வதே பிரிவு. சொன்னது பிடிக்கவில்லையென்றால் குழு மாற்றலாம். உங்கள் கரடியின் தயாரிப்பாளர்கள் நகைச்சுவை என்றார்கள், அதுவும் அந்த வரிசையில் போய் நின்றது. எழுத்தாளர்கள், நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் 2023-ஆம் ஆண்டு விழா 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அன்றைக்குச் சிறந்த நகைச்சுவைத் தொடர் 'தி பேர்'. அதே 2024 செப்டம்பரில் அடுத்த விழா. நகைச்சுவைப் பிரிவில் அதுவரை எந்தத் தொடரும் பெறாத 23 பரிந்துரைகள், 11 விருதுகள். விழாவைத் தொகுத்து வழங்கிய யூஜின் லெவியும் மகன் டான் லெவியும் மேடையிலேயே அதைக் கிண்டல் செய்தார்கள். கடைசி அறிவிப்பில் தொடருக்கான விருது மட்டும் 'ஹேக்ஸ்' என்ற தொடருக்குப் போனது. வயதான மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருத்தியும் அவளுக்கு நகைச்சுவை எழுதிக் கொடுக்கும் இளம்பெண்ணும் போடும் சண்டைதான் கதை. அங்கே ஞாயிறு இரவு விழா முடிவதற்குள் இங்கே திங்கள் காலை ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் தனியாகக் கைதட்டியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

கே: இந்த விருது எப்போது தொடங்கியது? முதலில் வாங்கியது யார்? (விருதுநகர்)

ப: முதல் எம்மி விழா 1949 ஜனவரி 25-ஆம் தேதி, ஹாலிவுட் அத்லெடிக் கிளப்பில் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே விருது. அதில் நகைச்சுவைக்கென்று தனிப் பிரிவு இல்லை. சிறந்த தொலைக்காட்சி ஆளுமை விருதை வாங்கியவர் ஷெர்லி டின்ஸ்டேல் என்ற இளம்பெண். மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு அதைப் பேச வைப்பவர். எனவே எம்மி வரலாற்றில் சிரிக்க வைத்ததற்காகக் கிடைத்த முதல் பாராட்டில் ஒரு மரப்பொம்மைக்கும் பங்கு உண்டு என்று நான் வாதாடுவேன்.

நகைச்சுவைக்குத் தனி விருது வந்த பிறகு 1952-இல் அதை வாங்கியவர் ரெட் ஸ்கெல்டன். சிவந்த தலைமுடிக்காரர். மேடையேறியவர், தவறான செந்தலைக்குக் கொடுத்துவிட்டீர்கள், இது லூசில் பாலுக்குப் போக வேண்டியது என்று சொன்னார். வாங்கிய கையோடு போட்டியாளரை மேடையில் நின்று பாராட்டியவர்கள் அதன் பிறகும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் இல்லை.

'ஐ லவ் லூசி' 1951 அக்டோபரில் சி.பி.எஸ். சேனலில் தொடங்கியது. லூசில் பாலும் அவருடைய கணவர் தேசி அர்னாஸும் கணவன் மனைவியாகவே நடித்தார்கள். மூன்று கேமராக்களை வைத்து, நேரில் பார்வையாளர்களை உட்காரவைத்து, ஃபிலிமில் எடுத்தார்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரலையாகப் போய்க் காற்றோடு கலந்த காலம் அது. ஃபிலிமில் இருந்ததால்தான் லூசியை மறு ஒளிபரப்பில் பேரன் பேத்திகளும் பார்த்தார்கள். 1953 ஜனவரியில் கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றார். குழந்தையைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். சில வாரங்களில், பிப்ரவரி விழாவில், தொடருக்கும் லூசிக்கும் எம்மி கிடைத்தது. அடுத்த ஆண்டும் தொடர் வென்றது. ஸ்கெல்டன் சொன்னது பலித்தது.

கே: பழைய பட்டியலைப் பார்த்தால் விருதின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதே, ஏன்? (நாகர்கோவில்)

ப: கொடுப்பவர்களுக்கே தெளிவு இல்லாததால்தான். 1950-களில் குடும்பக் கதையாக ஓடும் நகைச்சுவை ஒரு விருது, மேடைக் கோமாளித்தனம் இன்னொரு விருது என்று பிரித்துப் பார்த்தார்கள், சேர்த்தும் பார்த்தார்கள். 'பில் சில்வர்ஸ் ஷோ' 1956 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்றபோது பிரிவின் பெயர் மூன்று முறையும் ஒன்றாக இல்லை. 1960 வாக்கில் "நகைச்சுவைத் துறையில் சிறந்த நிகழ்ச்சிச் சாதனை" என்று அரசாங்கச் சுற்றறிக்கை போல ஒரு பெயர். அந்த வலை அகலமாக இருந்ததால் 1961-இல் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கற்காலக் கார்ட்டூன் தொடரும் மனித நடிகர்களோடு போட்டியிட்டது. அடுத்து ஒரு கார்ட்டூன் தொடர் இந்த வரிசைக்குள் வந்தது 2009-இல், 'ஃபேமிலி கை'. நடுவில் உலகமே கொண்டாடிய 'சிம்ப்சன்ஸ்' இந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. அதற்குக் கார்ட்டூன் பிரிவில் விருதுகள் குவிந்தன, உண்மைதான். இருந்தாலும் குழந்தைகளைத் தனிப் பந்தியில் உட்கார வைப்பது போல எனக்கு ஒரு குறை.

1965-இல் இன்னும் வேடிக்கை. போட்டியே வேண்டாம், சிறந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று பிரிவுகளைக் கலைத்துவிட்டார்கள். 'டிக் வான் டைக் ஷோ'வும், பார்பரா ஸ்ட்ரைசாண்டின் தனிப் பாட்டு நிகழ்ச்சியும், லெனார்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இசையமைப்பாளர் இளைஞர்களுக்கு சொனாட்டா என்ற மேற்கத்திய இசை வடிவத்தை விளக்கிய நிகழ்ச்சியும் ஒரே பெயரில் விருது வாங்கின. அடுத்த ஆண்டே பழையபடி பிரித்துவிட்டார்கள்.

கே: நியாயமே இல்லாத வெற்றி எது? (காரைக்குடி)

ப: 1967, 'தி மங்கீஸ்'. ஆள் தேர்வு வைத்துச் சேர்த்த நான்கு இளைஞர்களின் பாட்டுக் குழு, ஓட்டமும் குதியும். 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வை அது வென்றது. பலர் இதைப் புதுமைக்குக் கிடைத்த வெற்றி என்பார்கள். என்னிடம் சொல்லாதீர்கள்.

கே: நியாயமே இல்லாத தோல்வி? (அதே காரைக்குடி)

ப: ஜாக்கி கிளீசன். 'தி ஹனிமூனர்ஸ்' தொடரின் பஸ் டிரைவர் ரால்ஃப். அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையின் தூண்களில் ஒருவர், ஒரு எம்மிகூட வாங்கியதில்லை. கூட நடித்த ஆர்ட் கார்னி பலமுறை வாங்கினார். 1960-இல் நகைச்சுவை நிகழ்ச்சிக்கான விருதே கார்னியின் தனி நிகழ்ச்சிக்குத்தான். ஆண்டி கிரிஃபித் கதையும் அப்படியே. அவருடைய தொடரில் துணைக் காவலராக வந்த டான் நாட்ஸுக்கு ஐந்து எம்மி. தொடருக்குத் தன் பெயரையே கொடுத்த ஆண்டிக்கு, அந்தப் பாத்திரத்துக்காக ஒரு பரிந்துரைகூட இல்லை. எதிரில் நின்று நிதானமாக முகத்தை வைத்துக்கொள்பவர் இல்லையென்றால் கோமாளி என்ன செய்வார்? நடுவர்களுக்கு அது எப்போதும் தெரிவதில்லை.

கே: விருது கிடைத்தால் தொடர் பிழைத்துக்கொள்ளுமா? அல்லது அலமாரிக்கு ஒரு பொம்மை மட்டும்தானா? (ஈரோடு, ஒரு வணிகர்)

ப: கணக்குப் பார்ப்பவர் கேட்ட கேள்வி. மூன்று கதைகள் சொல்கிறேன், நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

1971 ஜனவரியில் சி.பி.எஸ். 'ஆல் இன் தி ஃபேமிலி'யைத் தொடங்கியது. நார்மன் லியர் ஒரு பிரிட்டிஷ் தொடரைத் தழுவி உருவாக்கியது. நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் ஆர்ச்சி பங்கர் என்ற தொழிலாளி. வாயைத் திறந்தால் இனவெறி, வீட்டுக்குள்ளேயே எதிர்வாதம் செய்ய மருமகன். சேனலுக்கு ஒரே நடுக்கம். முதல் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கை அறிவிப்பு வேறு போட்டார்கள். பார்த்தவர்கள் குறைவு. மே மாதம் எம்மி விழாவில் சிறந்த நகைச்சுவைத் தொடர், சிறந்த புதிய தொடர், ஆர்ச்சியின் மனைவியாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டனுக்குச் சிறந்த நடிகை என்று மூன்று விருதுகள். அந்தக் கோடையில் மறு ஒளிபரப்பைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அதன் பிறகு தொடர்ந்து ஐந்து பருவங்கள் (சீசன்கள்) நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுதான்.

இரண்டாவது 'சியர்ஸ்'. பாஸ்டனில் ஒரு மதுக்கடை, வழக்கமாக வரும் நான்கைந்து பேர், பேச்சு, அவ்வளவுதான் கதை. 1982-இல் என்.பி.சி.யில் வந்தபோது முதல் ஆண்டுப் பார்வையாளர் பட்டியலில் கடைசி வரிசையில் கிடந்தது. 1983-இல் சிறந்த நகைச்சுவைத் தொடர். சேனல் நடத்தியவர்களும் பொறுமையாக இருந்தார்கள். பதினொரு பருவங்கள் ஓடியது, பதினொன்றிலும் பரிந்துரை பெற்றது, நான்கு முறை வென்றது.

மூன்றாவது 'அரெஸ்டட் டெவலப்மென்ட்'. 2004-இல் ஃபாக்ஸ் சேனலில் ஓடி விருதை வென்றது. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். பார்வையாளர்கள் வரவில்லை, சேனலும் காத்திருக்கவில்லை. கடைசி நான்கு பகுதிகளை 2006 பிப்ரவரி 10-ஆம் தேதி ஒரே இரவில் ஒளிபரப்பினார்கள். அன்றைக்குத்தான் மற்றொரு சேனலில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. அடக்கம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் பார்க்க முடியாது. (ஏழு ஆண்டுகள் கழித்து நெட்ஃபிளிக்ஸ் அதை எழுப்பி உட்கார வைத்தது வேறு கதை.)

கே: பின்னணியில் வரும் சிரிப்புச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அதற்கும் விருது உண்டா? (புதுக்கோட்டை)

ப: கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உண்டு! பதிவுசெய்த சிரிப்பைப் பொத்தான் அழுத்தி எழுப்பும் பெட்டியை உருவாக்கிய சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளருக்கு 1992-இல் தொழில்நுட்பச் சாதனைக்காக எம்மி கொடுத்தார்கள். மெல்லிய சிரிப்பு, வெடிச் சிரிப்பு, தாமதமாகப் புரிந்துகொள்பவரின் சிரிப்பு எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன.

'மாஷ்' தொடர் இந்த விஷயத்தில் சுவையானது. கொரியப் போரில் ராணுவ மருத்துவமனை. நகைச்சுவை என்றால் சிரிப்பு ஒலி வேண்டும் என்று சேனல் பிடிவாதம் பிடித்தது. தயாரிப்பாளர்கள் லாரி கெல்பார்ட்டும் ஜீன் ரேனால்ட்ஸும் மல்லுக்கட்டி ஒரு சலுகை வாங்கினார்கள்: அறுவைச் சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கிடையாது. பிரிட்டனில் பி.பி.சி. சிரிப்பையே எடுத்துவிட்டு ஒளிபரப்பியது. அங்கே பார்த்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட வேறொரு தொடர். பதினொரு பருவங்களில் சிறந்த நகைச்சுவைத் தொடர் விருதை ஒரே முறை, 1974-இல் மட்டும் வாங்கியது. 1983 பிப்ரவரியில் வந்த கடைசிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

திருச்சி வாசகி இதைக் கவனிக்க வேண்டும். ரத்தமும் மரணமும் உள்ள நகைச்சுவை அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் 'மாஷ்' முதலில் சிரிக்க வைத்தது, பிறகுதான் கையைப் பிசைய வைத்தது. அந்த வரிசையைத்தான் நான் கரடியிடம் கேட்கிறேன்.

கே: அதிகமுறை வென்றது எது? (தஞ்சாவூர்)

ப: இரண்டு தொடர்கள் சமநிலை. 'ஃப்ரேசியர்' 1994 முதல் 1998 வரை, 'மாடர்ன் ஃபேமிலி' 2010 முதல் 2014 வரை, இரண்டும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள். முதலாவது 'சியர்ஸ்' மதுக்கடையில் உட்கார்ந்திருந்த மனநல மருத்துவரைத் தனியே பிரித்து எடுத்த கிளைத்தொடர். அதன் ஐந்து வெற்றிகளில் எனக்குக் குறை இல்லை. கதவுகளைத் திறந்து மூடியே சிரிக்க வைக்கும் கலையை அவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் குறைவு. ஆனால் அந்த ஐந்தாண்டுகளும் 'சைன்ஃபெல்ட்' கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குக் கிடைத்தது 1993-இல் ஒன்றே ஒன்று. 'மாடர்ன் ஃபேமிலி'க்கு ஐந்து அதிகம். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

நடிகர்களில் கேண்டிஸ் பெர்கன் ஒரு பெரிய மனுஷி. 'மர்ஃபி பிரவுன்' தொடருக்காக ஐந்து முறை சிறந்த நடிகை விருதை வாங்கிவிட்டு, இனி என் பெயரைப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். ஜூலியா லூயி-ட்ரைஃபஸ் 'வீப்' தொடருக்காகத் தொடர்ந்து ஆறு வாங்கினார், ஒதுங்கவில்லை. அவர் ஒதுங்கியிருந்தால் நான்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

ஒரே ஆண்டில் அதிக விருது என்று பார்த்தால், 2025-இல் 'தி ஸ்டூடியோ' 13 வாங்கி, கரடியின் 11-ஐத் தாண்டிவிட்டது.

கே: எம்மி வாங்கிய தமிழர் உண்டா? (பாளையங்கோட்டை)

ப: அஸீஸ் அன்சாரி. பிறந்தது அமெரிக்காவின் தென் கரோலினா, பெற்றோர் தமிழ் முஸ்லிம்கள். 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடருக்காக நகைச்சுவை எழுத்து விருதை இரண்டு முறை வாங்கினார். 2016-இல் ஆலன் யாங்கோடு சேர்ந்து, 2017-இல் லீனா வெய்த்தோடு சேர்ந்து. இந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண் லீனா வெய்த். இரண்டு ஆண்டும் தொடருக்கான விருதை 'வீப்' தட்டிக்கொண்டு போனது.

2016-இல் வென்ற பகுதியின் பெயர் 'பேரன்ட்ஸ்'. அப்பா தன் ஐபேடைச் சரிசெய்து தரச் சொல்கிறார். சினிமாவுக்கு நேரமாகிறது என்று மகன் நழுவுகிறான். அங்கிருந்து கதை, அந்த அப்பா எங்கிருந்து புறப்பட்டு என்னவெல்லாம் பட்டு வந்தார் என்று பின்னோக்கிப் போகிறது. அப்பா அம்மாவாக நடித்தவர்கள் அன்சாரியின் சொந்த அப்பாவும் அம்மாவும். தந்தை வசனத்தை ஒப்பிக்கிறார் என்று அங்கங்கே தெரிகிறது. அதுவே அழகாக இருக்கிறது.

கே: நகைச்சுவைக் கலைஞர் வீர் தாஸும் எம்மி வாங்கினாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? (சேலம்)

ப: அவர் 2023-இல் வாங்கியது சர்வதேச எம்மி. நியூயார்க்கில் வேறொரு அகாடமி, அமெரிக்காவுக்கு வெளியே தயாராகும் நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பது. 'டெரி கேர்ல்ஸ்' என்ற வட அயர்லாந்துத் தொடரும் அவரும் சேர்ந்து பகிர்ந்துகொண்டார்கள். பெருமைதான், பட்டியல் வேறு.

கே: பரிசுத் தொகை எவ்வளவு? (மீண்டும் ஈரோடு வணிகர்)

ப: காசு கிடையாது. அணுவைத் தூக்கிப் பிடித்த சிறகுப் பெண் சிலை மட்டும், எடை ஏறக்குறைய 3 கிலோ.

கே: ஆங்கிலம் ஓரளவு புரியும். இவ்வளவு தொடர்களையும் பார்க்க ஆயுள் போதாது. ஒரே ஒரு பகுதியைச் சொல்லுங்கள். (குன்னூர்)

ப: 'மேரி டைலர் மூர் ஷோ'. மினியாபொலிஸ் நகரத்துத் தொலைக்காட்சிச் செய்தி அறையில் வேலை பார்க்கும் தனியாள் பெண்ணின் கதை. 1975 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நகைச்சுவைத் தொடர். பெண்களை எழுத விட்ட தொடரும்கூட. அதற்கு எழுதிய ட்ரீவா சில்வர்மன் 1974-இல் தனியொருவராக நகைச்சுவை எழுத்து எம்மியை வென்ற முதல் பெண்.

நீங்கள் பார்க்க வேண்டியது டேவிட் லாயிட் எழுதி 1975 அக்டோபரில் ஒளிபரப்பான 'சக்கிள்ஸ் பைட்ஸ் தி டஸ்ட்'. அடுத்த ஆண்டு எழுத்துக்கான எம்மி அதற்கே. சேனலின் கோமாளி நடிகர் சக்கிள்ஸ், ஊர்வலத்தில் வேர்க்கடலை வேடம் போட்டுக்கொண்டு போகிறார். ஒரு யானை நிஜக் கடலை என்று நினைத்து உரிக்கப் பார்க்கிறது. ஆள் காலி. அலுவலகமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. மேரி மட்டும், செத்தவரைப் பார்த்துச் சிரிப்பதா என்று எல்லோரையும் திட்டுகிறாள். இறுதிச் சடங்கில் மற்ற எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்க, பாதிரியார் சக்கிள்ஸ் நடித்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. பாதிரியார் அவளை எழுந்து நிற்கச் சொல்கிறார். சிரி அம்மா, சக்கிள்ஸ் அதைத்தான் விரும்பியிருப்பார் என்கிறார். உடனே அவள் ஓவென்று அழுகிறாள்.

அரை மணி நேரம்கூட ஆகாது. பழைய விதிப்படியும் நகைச்சுவைதான், புதிய விதிப்படியும் நகைச்சுவைதான்.